கைவேலையை இணையத்தில் போடலாமா? தோட்டத்துப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஏதாவது ஒரு கைவேலை தெரியாத வீடு குறைவு. ஒரு வீட்டில் குரோஷே பின்னல், அடுத்த வீட்டில் ஈர்க்குக் கூடை, அதற்கடுத்த வீட்டில் அஞ்சடி நிறைய மிளகாய்ப் பைகள். இதையெல்லாம் இணையத்தில் போட ஆசைப்படுபவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கோயில் மண்டபத்திலும் பாசார் மாலாமிலும் பள்ளி வாசலிலும் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்தான்: நீங்கள் போட்டதைப் பார்த்தவர் தன் வீட்டில் அதைச் செய்து பார்க்க முடிகிறதா?

நான் செய்யிறது சாதாரண வேலைதான். இதைப் போட்டா யாரு பார்ப்பா?

அதே வேலையைத் தொடங்கிப் பாதியில் மாட்டிக்கொண்டவர் பார்ப்பார். முடிந்த பொருளின் அழகான படம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. நடுவில் எங்கே கெட்டுப்போகும், ஏன் கெட்டுப்போகும் என்று காட்டும் படம்தான் கிடைப்பதில்லை.

குரோஷேயில் வட்ட அடிப்பாகம் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். 6 கண்ணில் தொடங்கி, சுற்றுக்கு 6 கண் கூட்டிக்கொண்டே போக வேண்டும்: 6, 12, 18, 24, 30. ஒரு சுற்றில் கூட்ட மறந்தால் வட்டம் கிண்ணம்போலக் குழிந்துவிடும். அதிகமாகக் கூட்டினால் ஓரம் பாவாடை மாதிரி அலையடிக்கும். குழிந்த வட்டத்தையும் தட்டையான வட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். நேர்த்தியான பத்துப் பைகளின் படத்தைவிட அந்த ஒரு படம் அதிகம் உதவும். உங்கள் முதல் பதிவு அப்படி இருக்கட்டும்.

எங்க போடுறது? முகநூலா, டிக்டாக்கா, யூடியூப்பா?

யாருக்காகப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அம்மா, அத்தை வயதுக்காரர்களுக்கு முகநூல். ஒரு நிமிடத்துக்குள் காட்டிவிடக்கூடிய வேலைக்கு டிக்டாக். அடி முதல் முடி வரை சொல்லிக்கொடுக்க யூடியூப். ஒரு வருடம் கழித்துத் தேடி வருபவருக்கும் அகப்படுவது யூடியூப்தான். குடும்பத்தார், பழைய தோட்டத்து ஆட்கள் மட்டும் பார்த்தால் போதும் என்றால் புலனக் (வாட்ஸ்அப்) குழுவே போதும், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

மூன்றிலும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். ஒரே இடத்தில் எட்டுப் பத்துப் பதிவு போட்டுக் கை பழகிய பிறகு அடுத்ததைப் பாருங்கள்.

என் கைப்பேசி நாலஞ்சு வருஷப் பழசு. புதுசு வாங்கணுமா?

வேண்டாம். முதலில் பின்பக்கக் கண்ணாடியைத் துடையுங்கள். சமையலறையில் புழங்கும் கைப்பேசியில் எண்ணெய்ப் படலம் இருக்கும். விளக்கைச் சுற்றிப் புகைபோல ஒளி பரவித் தெரிந்தால் காரணம் அதுதான். பழைய பருத்தித் துணியில் ஒரு துளி தண்ணீர் போதும். விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுக்காதீர்கள், பொருளுக்கு அருகில் போங்கள். காணொளிக்கு 1080 தரம் தாராளம். 4கே வைத்தால் நினைவகம் நிறைவதுதான் மிச்சம்.

கை நடுங்காமல் இருக்கக் கைப்பேசித் தாங்கி (டிரைபாட்) வாங்கவும் தேவையில்லை. மேலிருந்து எடுக்க, ஒரே உயரமுள்ள இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகளை இரண்டு முழ இடைவெளியில் போட்டு மேலே ஒரு பலகை வையுங்கள். கைப்பேசியின் கண் பலகை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், மறுபாதியின் மேல் ஒரு சின்ன அரிசிப் பொட்டலம். கீழே உங்கள் கைகள் வேலை செய்யும். படம் எடுக்க 3 நொடித் தாமதத்தை வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அமுக்கும்போது ஏற்படும் ஆட்டம் அதற்குள் அடங்கிவிடும்.

படம் எடுத்தா எல்லாம் மஞ்சளா வருது அக்கா. நேர்ல அப்படி இல்லையே?

இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் அப்படித்தான் வரும். ஜன்னல் வெளிச்சம் நீலச் சாயல், குண்டு பல்பு மஞ்சள் சாயல். கைப்பேசியால் இரண்டையும் ஒரே நேரத்தில் சரிக்கட்ட முடியாது. வீட்டு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, பொருளை ஜன்னலிலிருந்து ஒரு கை தூரத்தில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். மறுபக்கம் நிழல் கறுத்தால் வெள்ளை மணிலா அட்டை ஒன்றை நிறுத்துங்கள். நிழல் பாதியாகக் குறைந்துவிடும்.

காலை 8 முதல் 10 மணி வரை நம் பக்கத்தில் நல்ல நேரம். உச்சி வெயிலில் முற்றத்தில் வைத்து எடுத்தால் பின்னலின் குழிகள் எல்லாம் கறுப்பாகிவிடும். மேகம் மூடிய சாயங்காலம் துணிக்கும் பட்டு நூலுக்கும் மிகவும் பொருந்தும். மழைக்கு முந்தைய அந்த மந்தாரத்தை வீணாக்காதீர்கள்.

கோலத்தை எடுத்தா வெள்ளைக் கோடு கரைஞ்ச மாதிரி வருது. முறுக்கை வெள்ளைத் தட்டுல வச்சா சாம்பலா வருது. ஏன் இப்படி?

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கைப்பேசி எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுத்த சிமெண்டுத் தரையைப் பார்த்ததும் "இருட்டாக இருக்கிறது" என்று வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளைக் கோடு வெந்து போகும். வெள்ளைத் தட்டைப் பார்த்ததும் குறைக்கும், தட்டு சாம்பலாகிவிடும்.

திரையில் கோட்டின் மேல் விரலால் தொட்டுச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். வெளிச்சமும் குவியமும் பூட்டிக்கொள்ளும். பிறகு அருகில் தெரியும் சூரியக் குறியைக் கோலத்துக்குக் கீழே இழுங்கள், வெள்ளைத் தட்டுக்கு மேலே. கோலத்தைச் சாய்வாக எடுத்தால் எதிர்ப்பக்கம் சுருங்கிவிடும். நாற்காலி மேல் ஏறி நேர் மேலிருந்து எடுங்கள், யாராவது நாற்காலியைப் பிடித்துக்கொள்ளட்டும். திரையில் கட்டம் தெரியும்படி வைத்து, நடுப்புள்ளி கட்டத்தின் நடுவில் வந்தால் கோணம் சரி.

வீடியோல கறுப்புக் கோடு மேல கீழ ஓடுது. போன் கெட்டுப்போச்சா?

கைப்பேசியில் கோளாறில்லை, விளக்குதான் காரணம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கும் பழைய டியூப்லைட்டும் அதனால் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, நொடிக்கு 30 படம் எடுக்கும் காணொளிக்குத் தெரியும். 100-ஐ 30-ஆல் வகுத்தால் மீதி வருகிறதல்லவா, அந்த மீதிதான் கோடாக ஓடுகிறது.

கேமரா அமைப்பில் மினுக்கத்தடுப்பு என்று இருந்தால் 50 ஹெர்ட்ஸ் என வையுங்கள். ஐபோனில் காணொளி அமைப்புக்குள் 'பால்' (PAL) வடிவங்களைக் காட்டச் சொன்னால் நொடிக்கு 25 படம் என்ற தெரிவு வரும். இவை எதுவும் இல்லாத கைப்பேசி என்றால் பகல் வெளிச்சத்துக்கே மாறிவிடுங்கள்.

காத்தாடி சத்தம், தகரத்துல மழை, பக்கத்து வீட்டு டிவி... பேசுறதே கேக்கல.

வேலையைத் தனியாகப் பிடியுங்கள், பேச்சைத் தனியாகப் பதியுங்கள். படம் பிடித்த பிறகு, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதற்கு எதிரே உட்காருங்கள். துணி எதிரொலியை விழுங்கிவிடும். கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேரே பிடிக்காமல் சற்றுப் பக்கமாகப் பிடித்தால் 'ப', 'ஃப' சொல்லும்போது காற்று அடிக்காது. காத்தாடியை அந்த ஐந்து நிமிடம் நிறுத்துங்கள்.

ஆனால் எல்லாச் சத்தத்தையும் அழித்துவிடாதீர்கள். முறுக்கு எண்ணெயில் விழும் சத்தம், கத்தி ஈர்க்கைச் சீவும் சத்தம், இவை வேலையின் பாகம். சீவும் சத்தம் மாறுவதை வைத்தே ஈர்க்கு காய்ந்ததா பச்சையா என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

டாப் அப் போட்டு ரெண்டு நாள்ல டேட்டா முடிஞ்சிடுது. எப்படிப் போடுறது?

1080 தரத்தில் ஒரு நிமிடக் காணொளி, கைப்பேசியைப் பொறுத்து, 60 முதல் 130 எம்பி வரை வரும். பிடித்த பத்து நிமிடத்தையும் ஏற்றாதீர்கள். கைப்பேசியிலேயே வெட்டி, ஒன்றரை நிமிடமாக்கி ஏற்றுங்கள். பக்கத்தில் நாடி இணைய மையம் இருந்தால் அங்கே கணினியும் இணையமும் இருக்கும், வெட்டி ஒட்டவும் கற்றுக்கொள்ளலாம்.

புலனத்தில் படமாக அனுப்பினால் அது படத்தை நசுக்கிவிடும். தரம் குறையாமல் மகளுக்கோ மகனுக்கோ அனுப்பி ஏற்றச் சொல்வதானால் 'ஆவணம்' என்ற தெரிவில் அனுப்புங்கள். அதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு, முகம் காட்டாத கேள்வியில் சொல்கிறோம்.

படம் போட்டாச்சு. கீழ என்ன எழுதுறது? எனக்கு எழுத வராதே!

அழகாக எழுத வேண்டியதில்லை, அளவு எழுதினால் போதும். எந்தப் பொருள், எவ்வளவு, எவ்வளவு நேரம், எங்கே கெடும். இந்த நான்கும் இருந்தால் பதிவு முழுமை. "கண்ணளவு" என்பது உங்கள் கைக்குத் தெரியும், பார்ப்பவர் கைக்குத் தெரியாது.

நம் வீடுகளில் பால் டின்தான் அளவு. நல்ல அளவுதான், ஆனால் எல்லா டின்னும் ஒன்றல்ல. உங்கள் டின்னில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து, சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். தண்ணீரில் 1 கிராம் 1 மில்லி, டின்னின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை அளந்துவிட்டால் பிறகு எப்போதும் "என் டின் இத்தனை மில்லி" என்று எழுதலாம். முறுக்குக்கு இப்படி எழுதுங்கள்: அரிசி மாவு 400 கிராம், வறுத்து அரைத்துச் சலித்த உளுத்த மாவு 100 கிராம், வெண்ணெய் 50 கிராம், ஓமம் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, தண்ணீர் சுமார் 250 மில்லியில் தொடங்கிப் பதம் பார்த்துக் கூட்டவும். அதோடு கெடும் இடங்கள்: பிழியும்போது அறுந்தால் மாவு காய்ந்திருக்கிறது, எண்ணெய் குடித்தால் மாவு இளகிவிட்டது அல்லது எண்ணெய் சூடாகவில்லை, எண்ணெயில் வெடித்தால் மாவில் கட்டியோ காற்றோ இருக்கிறது. வெடிப்பதை அவசியம் எழுதுங்கள், முகத்தில் எண்ணெய் தெறிக்கும் விஷயம் அது.

மிளகாய்ச் செடி என்றால் பை அளவு (16க்கு 16 அங்குல போலிபேக்), எந்த உரம், எத்தனை கிராம், எத்தனை நாளுக்கு ஒருமுறை. 15-15-15 உரம் ஒரு தேக்கரண்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தண்டை ஒட்டாமல் பை ஓரமாக, என்பது மாதிரி. நோய் வந்தால் இலையின் மேற்பக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள். மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் எடுத்தால்தான் பார்ப்பவர் பதில் சொல்ல முடியும். வாரா வாரம் ஒரே இடத்திலிருந்து, பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை நிறுத்தி எடுங்கள்.

தீபாவளிக்கு வண்ண அரிசிக் கோலம் போடுபவர்கள் ஒரு கிலோ அரிசிக்கு எவ்வளவு சாயம் என்று எழுதுவதே இல்லை. ஒரு தேக்கரண்டி சாயத் தூளை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் பைக்குள் அரிசியோடு குலுக்கி, நாளிதழ் விரித்து நிழலில் காயவைத்தால் சரியாக வரும். தண்ணீர் கூடினால் அரிசி ஊறி நொறுங்கும். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தை அடர்த்தியாக நிரப்ப இரண்டு முதல் இரண்டரை கிலோ வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல்தான் பலர் ராத்திரி பத்து மணிக்கு அரிசி போதாமல் நிற்கிறார்கள்.

தமிழ்ல எழுதுனா போதுமா? மலாய்லயும் எழுதணுமா?

செய்முறையைத் தமிழில் எழுதுங்கள், பொருளின் பெயரை மலாயிலும் சொல்லுங்கள். கடையில் போய் "உளுத்த மாவு" என்று கேட்டால் எல்லாக் கடையிலும் புரியாது, ஓமத்துக்கும் அப்படியே. தட்டச்சு கடினம் என்றால் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து மைக் குறியை அழுத்திப் பேசுங்கள், அதுவே எழுதும். அளவுகளை மட்டும் திரும்பப் படித்துச் சரிபார்க்க வேண்டும். "அரை" என்று சொன்னதை அது "அறை" என்று எழுதிவிடும்.

வீட்டுக்காரர் முகம் காட்ட வேணாங்கிறார். எனக்கும் கூச்சம். முடியுமா?

தாராளமாக. கைவேலைக்குக் கைகள் போதும், மேலே சொன்ன பலகை ஏற்பாடே அதற்குத்தான். குரலும் வேண்டாம் என்றால் எழுத்தில் அளவுகளைப் போடுங்கள்.

முகத்தைவிட அதிகமாக உங்களைக் காட்டிக்கொடுப்பவை பின்னணியில் இருக்கும்: வீட்டு எண், மோட்டார் நம்பர், சுவரில் ஒட்டிய தண்ணீர்க் கட்டண ரசீது, பிள்ளையின் பள்ளிச் சின்னம். எடுப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் துணியைப் பின்னால் கட்டுங்கள். அடுத்தது, படக் கோப்புக்குள்ளேயே எடுத்த இடம் பதிவாகியிருக்கலாம். கேமரா அமைப்பில் இருப்பிடம் சேர்ப்பதை அணைத்துவிடுங்கள். புலனத்தில் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். முந்தைய எச்சரிக்கை இதுதான். ஆவணத்தை வீட்டாருக்கு மட்டும் அனுப்புங்கள், வாங்க வருகிற அறிமுகமில்லாதவருக்கு அனுப்பாதீர்கள்.

பிள்ளைங்க செஞ்சதைப் போடலாமா டீச்சர்? அவங்க பேர்லயே கணக்கு திறக்கலாமா?

பெரிய தளங்கள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட வயதுக்குக் கீழ் கணக்கு திறக்க அனுமதிப்பதில்லை. வயதைக் கூட்டிப் போட்டுத் திறக்காதீர்கள், தெரியவந்தால் கணக்கோடு படங்களும் போய்விடும். அம்மா அல்லது அப்பா கணக்கில் போடுங்கள். பிள்ளை செய்த பொருள் தெரியட்டும், சீருடையும் பெயர்ப் பட்டையும் வகுப்பும் தெரிய வேண்டாம். பிள்ளையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

செம்பனை ஓலையில கூடை பின்னுறேன். தோட்டத்துல எடுக்கிறதைப் படம் பிடிக்கலாமா?

வெட்டித் தள்ளிய ஓலையானாலும் அது தோட்டத்தின் சொத்து. மண்டோரிடமோ அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், உள்ளே படம் பிடிப்பதற்கும் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், கேட்காமல் போவதுதான் வம்பு. வரிசைக்கு நடுவே குவித்த ஓலைக்குள் கையை விடாதீர்கள், பாம்பு குளிர்ச்சிக்குப் படுத்திருக்கும். கம்பால் புரட்டிவிட்டு எடுங்கள். இதையும் பதிவில் சொல்லுங்கள், பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஓடுவார்கள்.

மட்டையின் நடுப்பகுதி இலையில்தான் நீளமான ஈர்க்கு கிடைக்கும். சீவியதை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைக்காமல் பின்னினால் ஒரு வாரத்தில் பூசணம் பூக்கும். பூசணம் பூத்த கூடையையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். முதல் கேள்வியில் சொன்ன குழிந்த வட்டம் மாதிரிதான் இதுவும்.

சினிமாப் பாட்டு சேர்த்தேன். சத்தத்தையே எடுத்துட்டாங்க!

பாட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார். 1987-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி நம் நாட்டில் ஒரு பாடலின் வரிக்கும் இசைக்கும் உரிமை, படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டும் நீடிக்கும். "பழைய பாட்டுதானே" என்று நினைப்பவை பெரும்பாலும் அதற்குள் அடங்கும். ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. தளமே தரும் பாட்டுப் பெட்டியிலிருந்து எடுங்கள். விற்பனைக் கணக்கானால் அந்தப் பெட்டி சிறுத்திருக்கும், கவனியுங்கள். பாட்டே இல்லாமல் வேலையின் சத்தத்தோடு விட்டாலும் நன்றாகத்தான் இருக்கும்.

பாட்டி சொல்லிக்கொடுத்த கோலம். யூடியூப்ல பார்த்துச் செஞ்ச பொம்மை. என் பேர்ல போடலாமா?

பாட்டியின் கோலத்தை "எங்கள் பாட்டியிடம் கற்றது" என்று எழுதிப் போடுங்கள். முடிந்தால் எந்தத் தோட்டத்தில் இருந்தபோது போட்டது என்பதையும். புள்ளிக் கணக்கு அவசியம். "ஊடுபுள்ளி, 15-லிருந்து 8 வரை" என்று எழுதினால் தெரிந்தவர்கள் அப்படியே வைத்துவிடுவார்கள். தெரியாதவர்களுக்கு: நடுவரிசை 15, அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று இடைவெளியில் குறைந்து 8-இல் முடியும், மொத்தம் 169 புள்ளி. எண்ணிப் பார்த்துச் சரிபார்க்க அந்த மொத்தம் உதவும். பாட்டி உயிரோடு இருந்தால் அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதியுங்கள். இதை எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். தோட்டம் கைமாறி லயத்தை இடித்துவிட்டால் அந்த அஞ்சடியும் போய்விடும், போட்டவர் கையும் ஒருநாள் போய்விடும்.

இன்னொருவரின் பின்னல் முறையைப் பார்த்துச் செய்தால் பொம்மை உங்கள் கைவேலை, எழுதிய முறை அவருடையது. அவர் பெயரைச் சொல்லுங்கள், அவர் எழுதிய வரிசையை அப்படியே படியெடுத்துப் போடாதீர்கள். கார்ட்டூன் பாத்திர பொம்மையைப் பின்னி விற்பது வேறு வம்பு. அந்த உருவத்துக்கு நிறுவனம் உரிமை வைத்திருக்கும், தளம் விற்பனைப் பதிவை நீக்கிவிடலாம்.

ஏஐ-ல கோலப் படம் அழகா வருதே. அதைப் போட்டா என்ன?

புள்ளியை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் 8, மறுபக்கம் 9 என்று இருக்கும், கோடு எங்கோ தொடங்கி எங்கோ காணாமல் போகும். அதைப் பார்த்து வாசலில் போட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்துவிடுவார். நீங்கள் போட்டதாகச் சொல்லி அதைப் போடுவது பொய். யோசனைக்குப் பார்த்து, தரையில் நீங்களே போட்டுப் பார்த்து, புள்ளி சரியானால் அந்தத் தரையைப் படமெடுத்துப் போடுங்கள்.

என் படத்தை எவனோ எடுத்துத் தன்னோடதுன்னு போட்டுட்டான்.

காப்புரிமை நீங்கள் படமெடுத்த கணத்திலேயே உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் உங்களுடையது என்று காட்ட ஆதாரம் வேண்டும். மூலக் கோப்பையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த போடாத படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். திருடியவரிடம் அந்தப் பாதி வேலைப் படம் இருக்காது. அவர் பதிவைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொண்டு, தளத்தின் புகார்ப் பகுதியில் காப்புரிமை என்பதைத் தேர்ந்து அனுப்புங்கள். பெயரை மூலையில் போட்டால் வெட்டிவிடுவார்கள். பொருளின் மேலேயே ஓரத்தில், மெல்லிய எழுத்தில் போடுங்கள்.

விலை கேக்கிறாங்க. வித்தா தப்பா?

தப்பில்லை, சில கடமைகள் உண்டு. தீபகற்ப மலேசியாவில் வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிய வேண்டும். அடையாள அட்டைப் பெயரிலேயே என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப்பெயர் வைத்தால் 60 ரிங்கிட். உணவு விற்பவர் உணவு கையாளும் பயிற்சி முடித்து, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். அந்த ஊசி மூன்று ஆண்டுக்குச் செல்லும்.

விலையை வெளிப்படையாக எழுதுங்கள். "விலைக்குத் தனியாகக் கேளுங்கள்" என்பது இணைய வணிக விதிகளுக்கு முரண், வாங்குபவருக்கும் எரிச்சல். விலை போடும்போது நூல் காசை மட்டும் கணக்கிடாதீர்கள். 50 கிராம் மில்க் காட்டன் உருண்டை இரண்டு, நான்கு மணி நேரம், பை, தபால் எல்லாம் சேர்த்து எழுதிப் பாருங்கள். அந்த நான்கு மணி நேரத்துக்குக் கூலி இல்லாத விலையைச் சொன்னால், ஊரில் அதே வேலை செய்யும் மற்ற பெண்களின் விலையையும் சேர்த்து இறக்கிவிடுகிறீர்கள்.

காசு போட்டாச்சுன்னு ரசீது அனுப்புறாங்க. நம்பலாமா?

ரசீதுப் படத்தை நம்பாதீர்கள், வங்கிச் செயலியைத் திறந்து தொகை வந்ததா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். "தவறிக் கூடுதலாகப் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்பது பழைய தந்திரம். 6 இலக்கக் குறியீட்டைக் கேட்பவர் யாராக இருந்தாலும், உறவினர் எண்ணிலிருந்தே வந்தாலும், கொடுக்காதீர்கள். அந்த எண்ணே திருடப்பட்டிருக்கலாம். கல்யாணப் பத்திரிகை, ஆர்டர் பட்டியல் என்று ஏபிகே கோப்பு (செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் தொடவே வேண்டாம். புலனத்தில் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். பணம் போய்விட்டால் உடனே வங்கியையும் மோசடிப் புகார் எண்ணான 997-ஐயும் அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு.

ஒருத்தர் கீழ வந்து அளவு தப்புன்னு எழுதிட்டார். அழிச்சிடலாமா?

முதலில் அளந்து பாருங்கள். அவர் சொன்னது சரி என்றால் பதிவின் மேலே "திருத்தம்: வெண்ணெய் 50 கிராம், முன்பு 150 என்று தவறாக எழுதியிருந்தோம்" என்று எழுதி, அவருக்கு நன்றி சொல்லுங்கள். பதிவை அழித்தால், ஏற்கெனவே எழுதி வைத்துக்கொண்டவர்கள் தவறான அளவிலேயே செய்துகொண்டிருப்பார்கள். வேலையைப் பற்றிப் பேசாமல் ஆளைப் பற்றி, சாதியைப் பற்றி, நிறத்தைப் பற்றி எழுதுபவர்களுக்குப் பதில் வேண்டாம், தடுத்துவிடுங்கள். அதற்காகக் கணக்கை மூடிவிட்டுப் போன நல்ல கைகள் நம் பக்கத்தில் அதிகம், அது பெரிய இழப்பு.

ஆறு மாசமா போடுறேன் அண்ணே, நாப்பது பேர்தான் பார்க்கிறாங்க. விட்டுடலாமா?

நாற்பது பேரில் எத்தனை பேர் செய்து பார்த்தார்கள் என்று கேட்டீர்களா? கேளுங்கள், செய்ததைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று பேர் செய்திருந்தால் உங்கள் பதிவு வேலை செய்கிறது. யூடியூப்பில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதை முதல் ஆண்டுக் கணக்கில் வைக்காதீர்கள்.

பார்வை குறைவுக்குக் காரணம் பெரும்பாலும் தொடக்கம்தான். "வணக்கம் நண்பர்களே" என்று அரை நிமிடம் பேசுவதற்குள் போய்விடுகிறார்கள். முதல் மூன்று நொடியில் முடிந்த பொருளையோ கெட்டுப்போன பொருளையோ காட்டிவிட்டு நேரே வேலைக்குப் போங்கள். இன்னொரு காரணம் காலம். வண்ண அரிசிப் பதிவைத் தீபாவளிக்கு முதல் நாள் போட்டால் யாருக்கும் பயனில்லை. அரிசியும் சாயமும் வாங்க வேண்டும், அந்த மாதத்து மழையில் காயவைக்கவும் இரண்டு நாள் வேண்டும். மூன்று வாரம் முன்பே போடுங்கள்.